பட்டர் பேப்பர் மேலே ஒரு சிவப்புக் கட்டம்: வாசகர் கேள்வி பதில்

சில இதழ்களுக்கு முன், "பிளானில் சந்தேகமா? பிடிஎஃப்பிலேயே ஒரு அம்பு போட்டு அனுப்பிவிடுங்கள், வேலை முடிந்தது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உங்களுக்கு வேலை முடிந்ததோ இல்லையோ, எனக்கு ஆரம்பித்துவிட்டது. வந்திருக்கும் கடிதங்களில் பாதி அந்த அம்பைப் பற்றித்தான். அம்பு மெலிந்துவிட்டது, வட்டம் அச்சில் வரவில்லை, கட்டம் எழுத்தை மறைக்கிறது என்று ஒரே புகார் மயம். ஆகவே இந்த முறை முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மென்பொருள் ஆள் இல்லை. 1987-ல் மயிலாப்பூரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தவன். சாய்வு மேஜை, டி-ஸ்கொயர், மை ஊற்றி வரையும் ரோட்ரிங் பேனா, தப்பினால் பிளேடால் சுரண்டல், அம்மோனியா பிரிண்டின் நெடி என்று பல வருடம். அப்புறம் கணினியில் வரையும் ஆட்டோகேட். இப்போது ராயப்பேட்டையில் பிளான் பிரிண்ட் போடும் சின்னக் கடை. பதில்களில் கொஞ்சம் மை வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெய்ப்புத் திருத்துபவர், மேற்கு மாம்பலம்): ஒரு புத்தகத்தின் 60 பக்கங்களில் பிழைகளை வட்டமிட்டு, அம்பு போட்டு, அந்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். வந்த பிரதியில் ஒரு வட்டம்கூட இல்லை. பிழையே இல்லாத புத்தகம் மாதிரி பளிச்சென்று வந்திருக்கிறது. 60 பக்கத்துக்கும் காசு வாங்கிவிட்டார்கள். தப்பு யார் மேல்?

பதில்: கடைக்காரர் என்பதால் கடைக்காரருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். தப்பு பாதிப் பாதி.

நாங்கள் மேஜையில் வரைந்த காலத்தில், இன்ஜினியர் திருத்தம் சொன்னால் ஒரிஜினல் மேல் யாரும் கை வைக்க மாட்டோம். அதன் மேல், கீழே உள்ளது தெரியும் மெல்லிய பட்டர் பேப்பரை விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, அதில்தான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். பட்டர் பேப்பரைத் தூக்கினால் கீழே ஒரிஜினல் பழையபடி இருக்கும். பிடிஎஃப்பில் நீங்கள் வரையும் வட்டமும் அம்பும் அப்படித்தான். பக்கத்தின் மேல் விரித்த ஒரு பட்டர் பேப்பரில் அவை இருக்கின்றன, பக்கத்தில் இல்லை. அதனால்தான் நாளைக்கு அதே வட்டத்தைக் கிளிக் செய்து நிறத்தை மாற்ற முடிகிறது, இடம் நகர்த்த முடிகிறது. அதனால்தான் பிரிண்ட் எடுக்கும்போது அது கழன்றும் போகிறது.

பிடிஎஃப் திறக்கும் அக்ரோபேட் ரீடர் செயலியில், பிரிண்ட் கொடுக்கும் சன்னலில் 'கமென்ட்ஸ் அண்ட் ஃபார்ம்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் 'டாக்குமென்ட்' என்று இருந்தால் பட்டர் பேப்பரைத் தூக்கிவிட்டு அச்சடிக்கும். 'டாக்குமென்ட் அண்ட் மார்க்கப்ஸ்' என்று இருந்தால் அதோடு சேர்த்து அச்சடிக்கும். கடைப் பையன் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டான். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது நானும் பார்ப்பதில்லை.

கடைக்கு அனுப்பும் முன் நீங்களே பட்டர் பேப்பரைப் பக்கத்தோடு ஒட்டிவிடுங்கள். விண்டோஸில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இருக்கும் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மார்க்கப்ஸ் சேர்ந்திருக்கிறதா, அளவு 'ஆக்சுவல் சைஸ்' என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை. புதிதாக ஒரு பிடிஎஃப் வரும். அதில் வட்டமும் அம்பும் பக்கத்தோடு பக்கமாகிவிட்டிருக்கும். எந்தக் கடையிலும் கழலாது. ஆனால் அதில் நீங்களும் எதையும் திருத்த முடியாது. அதனால் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். நான் ஒட்டிய பிரதியின் பெயரில் 'கடைக்கு' என்று சேர்த்துவிடுவேன்.

காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். அடுத்த முறை அதே கடையில் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், நங்கநல்லூர்): மழைக்கு ஒழுகும் இடங்களை எங்கள் அடுக்ககத்தின் பிளானில் செவ்வகம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 41 இடம். ஒவ்வொரு செவ்வகமும் சிவப்பாக, மெல்லிசாகவே வருகிறது. ஒவ்வொன்றையும் நீலமாக்கி, தடிமனாக்கி, விரல் வீங்கிவிட்டது சார்.

பதில்: 41 ஒழுகலா! விரலை விடுங்கள், மொட்டை மாடியை முதலில் பாருங்கள்.

ஒரு செவ்வகத்தை மட்டும் உங்களுக்குப் பிடித்த மாதிரி சரி செய்யுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, 'புராப்பர்ட்டீஸ்' போனால் 'அப்பியரன்ஸ்' பகுதியில் கோட்டின் வகை, தடிமன், நிறம், உள்நிறம், ஒளிபுகாத் தன்மை எல்லாம் வரிசையாக இருக்கும். முடித்தபின், அதையே இனி எப்போதும் வைத்துக்கொள் என்று சொல்லும் 'டீஃபால்ட்' வசதியைத் தேர்ந்தெடுங்கள். அது சில பதிப்புகளில் இதே பெட்டிக்குள் டிக் அடிக்கும் கட்டமாக இருக்கும், சிலவற்றில் ரைட் கிளிக் பட்டியலில் இருக்கும். அதற்குப் பின் வரையும் செவ்வகமெல்லாம் நீலமாகத்தான் பிறக்கும்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். செவ்வகத்துக்குச் சொன்னது அம்புக்குப் பொருந்தாது. அம்பு, வட்டம், கோடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒருமுறை சொல்ல வேண்டும். அப்புறம், இந்த வழக்கம் உங்கள் கணினியில் உள்ள செயலிக்குத்தான் ஒட்டும், கோப்புக்கு ஒட்டாது. அதே பிடிஎஃப்பை மகன் வீட்டுக் கணினியில் திறந்து வரைந்தால் மறுபடியும் சிவப்பு மெல்லிசுதான். அங்கே போனால், ஏற்கெனவே உள்ள ஒரு நீலச் செவ்வகத்தைக் காப்பி எடுத்துப் பேஸ்ட் செய்யுங்கள். நிறமும் தடிமனும் கூடவே வரும். அளவை மட்டும் இழுத்துச் சரி செய்தால் போதும். உண்மையைச் சொன்னால் நான் எங்குமே இப்படித்தான் செய்கிறேன், டீஃபால்ட் பக்கம் போவதே இல்லை.

கேள்வி (சைட் இன்ஜினியர், வேளச்சேரி): ஏ1 டிராயிங்கில் போடும் அம்புகள் திரையில் நன்றாகத் தெரிகின்றன. சைட்டில் ஏ4-ல் பிரிண்ட் எடுத்தால் மயிரிழை மாதிரி ஆகிவிடுகின்றன. மேஸ்திரி "எங்க சார் அம்பு?" என்று கேட்கிறார்.

பதில்: தம்பி, உங்கள் மேஸ்திரி கேட்டாரே, அதற்கே நன்றி சொல்லுங்கள். எங்கள் சைட்டில் கேட்கவில்லை.

அது நடந்து வருஷமாகிறது. ஒரு நான்கு மாடி வேலை. குளியலறை சங்கன் ஸ்லாபில், அதாவது தாழ்த்திப் போடும் தளத்தில், கழிவுக் குழாய் வெளியேறும் பக்கம் மாறியிருந்தது. நான் பிடிஎஃப்பில் நான்கு மஞ்சள் அம்பு போட்டு, 1 பாயின்ட் கோட்டில் அழகாக அனுப்பினேன். மஞ்சள் ஏன் என்றால், திரையில் அதுதான் கண்ணைப் பறித்தது. சூப்பர்வைசர் அதை ஏ4-ல், கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அம்பு ஒன்றுகூட இல்லை. பழைய பக்கமே குழாய் போய், கான்கிரீட் போட்டு, இரண்டு மாடிக்கு உடைக்க வேண்டியதாயிற்று. உடைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அங்கே நின்ற அந்த மதியத்தை மறக்க மாட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதன் கணக்கு எங்கள் பழைய பேனா டப்பாவிலேயே இருந்தது, அதைத்தான் நான் மறந்துவிட்டேன். ரோட்ரிங் பேனா 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று மில்லிமீட்டர் கணக்கில் வரும். மூடியருகே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற வளையம், 0.35-க்கு மஞ்சள், 0.5-க்குப் பழுப்பு, 0.7-க்கு நீலம். ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள் என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். சீனியர் ஒரு தாளை மடித்துக் காட்டினார். ஏ1-ஐ மடித்தால் ஏ2, அதை மடித்தால் ஏ3, அதை மடித்தால் ஏ4. படத்தை ஒரு படி சுருக்கினால் கோடு 1.41 மடங்கு மெலியும். பேனாக்களின் அளவும் அதே 1.41 மடங்கில்தான் ஏறுகிறது. ஆக, 0.35 பேனாவால் போட்ட கோடு ஒரு படி சுருங்கினால் 0.25 பேனாக் கோடு மாதிரி இருக்கும், மறுபடி சுருங்கினால் 0.18, மூன்றாவது படியில் 0.13.

இப்போது பிடிஎஃப்புக்கு வாருங்கள். அதில் தடிமன் பாயின்ட்டில் இருக்கும். ஒரு அங்குலத்தில் 72 பாயின்ட். அதாவது 1 பாயின்ட் என்பது கிட்டத்தட்ட 0.35 மில்லிமீட்டர், நம் மஞ்சள் வளையப் பேனாவேதான்! ஏ1 என்பது 594-க்கு 841 மில்லிமீட்டர். ஏ4 என்பது 210-க்கு 297. மூன்று படி இறக்கம், கிட்டத்தட்ட 2.8 மடங்கு சுருக்கம். நீங்கள் போட்ட 1 பாயின்ட் கோடு ஏ4-ல் 0.13 பேனாக் கோடாகத்தான் விழும். சைட்டில் உள்ள பிரிண்டரில், டோனர் தீரும் நேரத்தில், அதை எதிர்பார்ப்பது பேராசை.

ஏ1-ல் குறிக்கிறீர்கள், ஏ4-ல் எடுக்கப் போகிறார்கள் என்றால் கோட்டை 3 பாயின்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள். திரையில் அசிங்கமாக, தடித்தடியாகத் தெரியும். தெரியட்டும். அம்பின் தலையும் கோட்டின் தடிமனை ஒட்டியே பெரிதாவதால் அதுவும் சேர்ந்து தேறும். அம்போடு எழுதும் குறிப்புக்கும் இதே கதிதான். 10 பாயின்ட் எழுத்து ஏ4-ல் மூன்றரைப் பாயின்ட் ஆகிவிடும், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்து மாதிரி. 28 வையுங்கள்.

நிறம் அடுத்தது. கணினி நிறத்தைச் சாம்பலாக்கும்போது பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்குக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். வழக்கமான வாய்பாட்டில், 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை என்று வைத்தால், சுத்த மஞ்சள் 226-ல் போய் நிற்கிறது. காகிதத்தில் அது இல்லாததற்குச் சமம். சிவப்பு 76. நீலம் 29, ஏறக்குறையக் கறுப்பு. திருத்தம் என்றால் சிவப்புதான் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், அதுவும் சமாளிக்கும். ஆனால் டிராயிங்கின் கோடுகளெல்லாம் கறுப்பாக இருக்கும்போது, சாம்பலில் எல்லாம் ஒன்றாகிவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கோட்டின் வகையில் விட்டு விட்டு வரும் கோடு, அதாவது டேஷ், இருக்கிறது. ரத்தானதற்கு டேஷ், புதியதற்கு முழுக்கோடு என்று வைத்துக்கொண்டு அதைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், எந்தப் பிரிண்டரும் உங்களைக் காட்டிக்கொடுக்காது.

கேள்வி (கல்லூரி மாணவி, பெரம்பூர்): முக்கியமான பத்தி மேல் செவ்வகம் போட்டு உள்ளே வெளிர்பச்சை நிரப்பினேன். எழுத்தே மறைந்துவிட்டது. ஒளிபுகாத் தன்மையைக் குறைத்தால் எழுத்து தெரிகிறது, ஆனால் ஓரக்கோடும் சேர்ந்து மங்கிப் போகிறது. இரண்டும் வேண்டும் என்றால்?

பதில்: ஒளிபுகாத் தன்மை என்பது செவ்வகம் முழுவதற்கும் ஒரே எண். ஓரத்துக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்று அக்ரோபேட்டில் கொடுக்க வழியில்லை. அதனால் இரண்டு செவ்வகம் போடுங்கள். கீழே ஒன்று, உள்நிறம் மட்டும், 30 சதவீதத்தில், கோட்டுத் தடிமன் 0. மேலே அதே அளவில் இன்னொன்று, உள்நிறம் இல்லாமல், முழு அடர்த்தியில் ஓரக்கோடு மட்டும். நகர்த்தும்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள், இல்லாவிட்டால் சட்டையும் வேட்டியும் வேறு வேறு கொடியில் காய்வது போலாகும்.

ஆனால் பத்தியைக் காட்டத்தானே இத்தனையும்? ஹைலைட் கருவியை எடுத்தால் போதுமே. அது கீழே உள்ள எழுத்தோடு நிறத்தைக் கலந்து காட்டும், எழுத்து கறுப்பாகவே நிற்கும். செவ்வகத்தைப் படத்துக்கும் அட்டவணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாடகைக்கு வீடு தேடுபவர், போரூர்): தரகர் ஆதார் பிடிஎஃப் கேட்டார். எண்ணின் மேல் கறுப்புச் செவ்வகம், உள்ளேயும் கறுப்பு, நூறு சதவீதம் அடர்த்தி என்று போட்டு அனுப்பிவிட்டேன். பாதுகாப்புதானே?

பதில்: இல்லவே இல்லை! முதல் பதிலில் சொன்ன பட்டர் பேப்பர் இதுவும். தரகர் அந்தச் செவ்வகத்தைக் கிளிக் செய்து டெலிட் அழுத்தினால் எண் சிரித்துக்கொண்டு வெளியே வரும். டெலிட்கூட வேண்டாம், கறுப்பின் மேலேயே இழுத்துத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினாலும் வந்துவிடும்.

பெரிய வழக்கறிஞர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட் வழக்கில் அவருடைய தரப்பு தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்புப் பட்டை போட்டு மறைத்த வரிகளைச் செய்தியாளர்கள் காப்பி, பேஸ்ட் செய்தே படித்துவிட்டார்கள்.

முதல் பதிலில் சொன்னபடி பக்கத்தோடு ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. செவ்வகம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் கீழே உள்ள எழுத்து எழுத்தாகவே உள்ளே கிடக்கலாம். அழிப்பதற்கென்றே 'ரெடாக்ட்' என்று ஒரு கருவி இருக்கிறது. அது கீழே உள்ளதையே வெட்டி எடுத்துவிடும். அக்ரோபேட்டில் அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். கையில் இல்லையென்றால், கறுப்புப் போட்ட பக்கத்தைத் திரையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்புங்கள். படத்துக்குள் எழுத்து கிடையாது, வெறும் புள்ளிகள்தான். அடர்த்தி நூறில் இருக்கட்டும்.

ஆதாருக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' தரவிறக்கலாம். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். தரகருக்கு அதையே அனுப்புங்கள். ஏற்கெனவே போனது போனதுதான். அதே தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

கேள்வி (கட்டடக்கலை மாணவர், கிண்டி): பிடிஎஃப் வரையும் கருவிகளில் மேகம் மாதிரி ஒரு வடிவம் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கா?

பதில்: அலங்காரமா! எங்கள் தொழிலில் அதற்குத்தான் முதல் மரியாதை. கட்டடத்தில் செவ்வகம் இருக்கும், வட்டம் இருக்கும், மேகம் இருக்காது. ஆகவே டிராயிங்கில் மேகம் தெரிந்தால் அது கட்டடத்தின் பகுதி இல்லை, இங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று மேஸ்திரிக்கும் புரியும். பக்கத்தில் ஒரு முக்கோணத்துக்குள் எத்தனையாவது திருத்தம் என்று எண் போடுவது வழக்கம். மேகம் வரைய, மூலை மூலையாகக் கிளிக் செய்து, கடைசியில் டபுள் கிளிக். கடைசிக் கிளிக் செய்யத் தெரியாமல் மேகத்தைத் திரை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தவர்கள் என் கடையில் ஏராளம்.

கேள்வி (காப்பீட்டு முகவர், அண்ணா நகர்): நான் போட்ட அம்பை அலுவலகத்தில் யாரோ நகர்த்திவிடுகிறார்கள். பூட்ட முடியுமா?

பதில்: புராப்பர்ட்டீஸ் பெட்டியின் அடியில் 'லாக்டு' என்று டிக் அடிக்கும் கட்டம் இருக்கிறது. கை தவறி நகர்வதை அது தடுக்கும். வேண்டுமென்றே நகர்த்துபவர் அதே டிக்கை எடுத்துவிட்டு நகர்த்துவார். அவருக்கு முதல் பதிலில் சொன்ன ஒட்டிய பிரதியைக் கொடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, குரோம்பேட்டை): பேரனின் விடைத்தாளைப் பிடிஎஃப்பில் திருத்துகிறேன். வட்டம் போட்டால் முட்டையாக வருகிறது, அடிக்கோடு போட்டால் சாய்கிறது. கை நடுக்கம் வேறு. போனில் விரலால் வரைந்தால் இன்னும் மோசம்.

பதில்: அம்மா, போனை விட்டுவிடுங்கள். விரலால் இழுக்கும் கோடு, விரல் போன வழியைப் புள்ளி புள்ளியாக அப்படியே பதிந்துகொள்ளும், நடுக்கத்தையும் சேர்த்து. கணினியில் வட்டக் கருவியை எடுத்து, ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுங்கள். முழு வட்டம் வரும். கோட்டுக் கருவியோடு ஷிஃப்ட் பிடித்தால் கோடு நேராகப் படுக்கும், இல்லையென்றால் நேராக நிற்கும், அல்லது சரிபாதிச் சாய்வில் இருக்கும். வேறு எங்கும் போகாது. முதலில் மவுஸை விடுங்கள், அப்புறம் ஷிஃப்ட்டை விடுங்கள். மாற்றி விட்டால் மறுபடி முட்டைதான்.